உயர்த்திய பழைய பிக்கப் வண்டியின் இழுவையை மீட்டல்

பரந்தன் பகுதிக் கமக்காரர்களுள் ஒரு சாரார் நெல்லையும் மரக்கறியையும் ஏற்றிச் செல்வதற்கு நாற்சில்லு இயக்கமுடைய பழைய டீசல் பிக்கப் வண்டிகளை வைத்திருக்கின்றனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டமையால், முப்பது ஆண்டு கண்ட வண்டிகளும் இன்னும் கமத்தில் உழைக்கின்றன. இவற்றுட் சில, காலபோக மழையில் நீர் நிற்கும் வயற்பாதைகளைக் கடப்பதற்காக உயர்த்தப்பட்டுப் பெரிய ரயர் பூட்டப்பட்டவை. அவ்வேலை முடிந்த நாள் முதலாகவே "வண்டி முன்னைப்போல் எழும்புவதில்லை" என்னும் குறை கேட்கத் தொடங்கும். அக்குறையின் காரணத்தையும், வீண் செலவின்றி அதனை நீக்கும் வழியையும் இவ்வேட்டில் கூறுவோம்.

இதனை வேகப் பிரியரின் கவலையென எண்ணுதல் தகாது. 1990 இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 இல் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் ஓடத் தொடங்கியது. அப்பாதை ஏ-9 வீதியை அடுத்துச் செல்வதால், வயலிலிருந்து வீதிக்கு வருவோர் பலர் புகையிரதக் கடவையைத் தாண்டியே வரவேண்டும். தண்டவாளம் மேட்டில் கிடக்கிறது. பாரம் ஏற்றிய வண்டியைக் கடவையின் முன் நிறுத்தி, இருபுறமும் பார்த்து, அம்மேட்டில் ஏறும்போது எஞ்சின் திணறி நின்றுவிட்டால் நேரக்கூடியதை விரித்துக் கூற வேண்டியதில்லை. கடவை தாண்டினால், விரைந்து வரும் பேருந்துகளுக்கும் லொறிகளுக்கும் இடையே வீதியில் ஏறவேண்டும். ஆதலின் நின்ற நிலையிலிருந்து தடையின்றிக் கிளம்பும் திறன் உயிர்க்காப்பாகும்.

பெரிய சில்லு ஏன் பலத்தைத் தின்கிறது?

மாட்டு வண்டிலைக் கண்டு பழகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு மயக்கம் உண்டாகிறது. வண்டிலின் சில்லு பெரிதாயிருந்தால் மாட்டுக்கு வேலை குறைவு. பள்ளத்தில் ஆழ விழாது, வரம்பிலும் எளிதாக ஏறும். ஆகவே மோட்டார் வண்டிக்கும் பெரிய சில்லு நன்று என எண்ணுகிறோம். ஆனால் வண்டிலில் மாடு இழுப்பது அச்சினை. சில்லு வெறுமனே உருளுகிறது. மோட்டார் வண்டியிலோ அச்சு சில்லைச் சுழற்ற, சில்லு தரையைப் பின்னே தள்ளுகிறது. அச்சின் நடுவிலிருந்து தரை வரையுள்ள தூரம் துலாவின் கை போன்றது. கை நீள நீள, அதன் நுனியிற் கிடைக்கும் தள்ளுவிசை குறையும். எஞ்சின் அதுவே, கியரும் அதுவே. தரையில் விழும் பலம் மட்டும் குறைந்துவிடுகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்கிட்டே அறியலாம். பழைய ஹைலக்ஸ் நாற்சில்லு வண்டிகள் பலவற்றுக்கு உரிய 205 ஆர் 16 ரயரின் விட்டம் ஏறக்குறைய 740 மில்லிமீற்றர். அதற்குப் பதிலாக 265/75 ஆர் 16 ரயரைப் பூட்டினால் விட்டம் ஏறக்குறைய 804 மில்லிமீற்றர். 804 ஐ 740 ஆல் வகுக்க 1.086 வரும். அதாவது தள்ளுவிசையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு போய்விட்டது. ரயரும் றிம்மும் பாரங்கூடியவையாதலின், அவற்றைச் சுழற்றி வேகமெடுக்கவும் பலம் செலவாகும். இது நிறையுடன் நிறை சேர்ப்பதிலும் கேடானது. ஏனெனில், சுழலும் பாரத்தை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும்: முள் 60 இல் நிற்கும்போது வண்டி 65 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் ரயரின் அளவை நம்பாது நீங்களே அளந்து பார்க்க விரும்பினால், ரயரிலும் தரையிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை நாடாவால் அளவுங்கள். பழைய அளவு ரயரையும் அவ்வாறே அளந்து, பெரிய எண்ணைச் சிறியதால் வகுத்தால் போதும்.

வண்டியின் உடலை ஸ்பிரிங் கொண்டு உயர்த்துவது இழுவையை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. குற்றம் பெரும்பாலும் ரயருடையது.

பணம் செலவிடுமுன் பார்க்கவேண்டியவை

எட்டுப் பங்கு இழப்பு மட்டுமாயின் பலர் அதனை உணரவும் மாட்டார்கள். வண்டி தாங்கமுடியாத மந்தமாயிருந்தால் வேறு குறையும் உடன் சேர்ந்திருக்கிறது என்பதே பொருள். அதனைத் தேடுங்கள்.

முதலில் ஒருவரை ஆசனத்தில் இருத்தி, எஞ்சினை நிறுத்திய நிலையில் மிதியை முழுவதும் அமத்தச் சொல்லுங்கள். டீசல் பம்பின் நெம்பு அதன் முழு எல்லை வரை செல்கிறதா எனப் பாருங்கள். கேபிள் தளர்ந்தும், மிதியின் கீழ்த் தடித்த றப்பர் விரிப்புக் கிடந்தும் நெம்பு முக்காற்பங்கில் நின்றுவிடும் வண்டிகள் உண்டு. இச்சோதனைக்குச் சதமும் செலவில்லை. ஆயினும் இதைச் செய்யாமலே எஞ்சினைப் பிரிப்போர் இருக்கின்றனர்.

அடுத்தது காற்று. நமது கிறவற் பாதைகளின் செம்புழுதியும், அறுவடை இயந்திரம் வயலில் எழுப்பும் உமித்தூசியும் காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். மூச்சடைத்த எஞ்சின் கரும்புகை கக்கும். கடதாசி வடிகட்டியாயின் உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெல்லிய காற்றடித்துத் துப்புரவு செய்க, கழுவுதல் ஆகாது, நனைந்ததை மீண்டும் பூட்டுதலும் ஆகாது. வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாயில் வெடிப்பிருப்பின் புழுதி நேரே உட்சென்று சிலிண்டரைத் தேய்த்துவிடும். அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை பார்ப்பது மிகையன்று.

பின்னர் டீசல். 2022 ஆம் ஆண்டுத் தட்டுப்பாட்டில் பீப்பாவிற் சேமிக்கப் பழகியோர் அப்பழக்கத்தை இன்னும் விட்டிலர். பீப்பாவின் அடியில் நீரும் துருவும் தங்கும். வடிகட்டியின் கீழுள்ள திருகைத் தளர்த்தி நீரை வெளியேற்றுக. வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுக. டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பதை அறவே விடுதல் வேண்டும். பம்பின் உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்புத் தருவது டீசல்தான். மண்ணெண்ணெய் அவற்றை உராயவிட்டுக் கெடுக்கும்.

கிளச் வழுக்குகிறதா என்பதை அறிய, நான்காம் கியரில் மெதுவாக ஓடி மிதியை முழுதும் அமத்துங்கள். எஞ்சின் ஓசை உயர்ந்தும் வேகம் உயராவிட்டால் கிளச் தேய்ந்துவிட்டது. சேற்றில் இறங்கி வந்த வண்டியில் பிறேக் பீப்பாவினுள் மண் இறுகி, சில்லை எப்பொழுதும் பற்றிக்கொண்டிருத்தலும் உண்டு. பிறேக்கை அதிகம் அமத்தாமற் சிறிது தூரம் ஓடி நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அங்கேயே குறை.

இவையெல்லாம் செம்மையாயிருந்தும் எஞ்சின் சோர்ந்திருப்பின், நொசில், வால்வு இடைவெளி, பம்பின் நேர ஒழுங்கு ஆகியவற்றை அறிந்த ஒருவரிடம் காட்டுக. சூடேறிய பின்னரும் வெண்புகை வந்தால் டீசல் சரியாய் எரியவில்லை. நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது. நீலப்புகை வண்டிக்கு இழுவை தேடுமுன் எஞ்சினைச் சீர்செய்ய வேண்டும்.

பம்பைக் கூட்டிவிடுதல்

சில கராஜ்களில் இக்குறைக்கு ஒரே மருந்துதான்: டீசல் பம்பின் அளவுத் திருகைக் கூட்டிவிடுவர். அன்று மாலை வண்டி சற்று உற்சாகமாக ஓடுவதும் உண்மையே. ஆனால் காற்றழுத்தி இல்லாத பழைய எஞ்சின் உறிஞ்சக்கூடிய காற்றுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லைக்கு மேல் ஊற்றும் டீசல் எரியாது கரும்புகையாகப் போகும். ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். பாரத்தோடு நெடுந்தூரம் ஓடும்போது வெப்பம் மிகுந்து சிலிண்டர்த் தலை வெடிக்கும், பிஸ்ரன் உருகும். ஆண்டுதோறும் வரும் புகைப் பரிசோதனையிலும் வண்டி தவறும். அதிற் சித்தியடையாமல் வருமான அனுமதிப்பத்திரம் பெறமுடியாது. பயிரின் மஞ்சளுக்குக் காரணம் ஆராயாமல் யூரியாவை அள்ளி வீசுவது போன்றதே இது. காற்றழுத்தியைப் புதிதாகப் பூட்டுவதும், தேய்ந்த பழைய எஞ்சினுக்கு நாம் பரிந்துரைக்கக்கூடியதன்று.

உண்மையான பரிகாரம்

சில்லு நீட்டிய கையை அச்சின் பல்லெண்ணிக்கையால் ஈடுசெய்ய வேண்டும். டிபரன்சியலினுள் உள்ள பினியன் எத்தனை முறை சுழன்றால் சில்லு ஒருமுறை சுழலும் என்பதே அச்சின் விகிதம். முன்னே கண்ட 1.086 ஐ இவ்விகிதத்தாற் பெருக்குக. 4.10 விகிதமுள்ள வண்டிக்கு 4.45 வரும், கிடைக்கும் பற்சில்லுகளுள் 4.556 அதற்கு நெருங்கியது. 4.556 உள்ள வண்டிக்கு 4.95 வரும், 4.875 நெருங்கியது.

உங்கள் வண்டியின் விகிதம் தெரியாவிடின் எண்ணிப் பார்க்கலாம். சமதரையில் முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைத்து, இருசில்லு இயக்கத்திலும் கியரை நடுநிலையிலும் விட்டு, கைப்பிறேக்கைத் தளர்த்தி, பின்சில்லு ஒன்றை மட்டும் உயர்த்தி உறுதியான முண்டு கொடுங்கள். உயர்த்திய சில்லை 20 சுற்றுச் சுற்றும்போது, கியர்ப் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என எண்ணி, அதனைப் பத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். மற்றச் சில்லு தரையில் நிற்பதனாலேயே இருபதாற் பிரியாது பத்தாற் பிரிக்கிறோம். 41 சுற்றாயின் விகிதம் 4.10.

கொழும்புப் பஞ்சிகாவத்தை போன்ற இடங்களிற் கழற்றிய அச்சுகளை வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. முன்னச்சும் பின்னச்சும் ஒரே விகிதமுடையனவாய் இருத்தல் வேண்டும். பின்னச்சை மட்டும் மாற்றிவிட்டு நாற்சில்லு இயக்கத்தில் இட்டால், இரு அச்சுகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிப் பற்களை முறித்துவிடும். வாங்குமுன் இரண்டையும் எண்ணிப் பாருங்கள்.

இச்செலவுக்கு வசதியில்லாதோர், அடுத்த முறை ரயர் மாற்றும்போது வண்டிக்கு உரிய பழைய அளவுக்கே திரும்பலாம். எமது எண்ணத்தில் பெரும்பாலான கமக்காரருக்கு இதுவே பொருத்தம். ஒடுங்கிய ரயர் மேற்சேற்றை வெட்டி அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொடும். அகன்ற ரயர் மேலே மிதந்து வழுக்கும். ஆண்டில் இரண்டு மாத வெள்ளத்துக்காகப் பத்து மாதமும் டீசலைக் கூடுதலாக எரிப்பது கணக்குக்கு ஒவ்வாது.

அதுவரைக்கும், வண்டியில் ஏற்கெனவே உள்ள வசதியைப் பயன்படுத்துக. பாரத்துடன் வயலிலிருந்து கிறவல் மேட்டில் ஏறும்போது தாழ்ந்த நாற்சில்லு இயக்கத்தில் இடுங்கள். பழைய ஹைலக்ஸ் பலவற்றில் இது தள்ளுவிசையை 2.28 மடங்காக்கும். தாரிட்ட உலர்ந்த வீதியில் இதனைப் பயன்படுத்தலாகாது. ஆதலின் ஏ-9 வீதிக்கு ஏறுமுன் நிறுத்தி மாற்றிக்கொள்க. தண்டவாளத்தின் மேல் நின்று ஒருபோதும் மாற்றலாகாது. சாதாரண ஓட்டத்திலும் கியரை அவசரப்பட்டு உயர்த்த வேண்டாம். இவ்வகை 2.4, 2.8 லீற்றர் எஞ்சின்களின் முறுக்குவிசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுற்றிலேயே நிறைவாகக் கிடைக்கும். அதற்கு மிகக் கீழே எஞ்சினை உறுமவிட்டு மிதிப்பதாற் பயனில்லை.

செய்த வேலை பலித்ததா என்பதை அறிய, வாகன நடமாட்டமற்ற நேரான பாதையில் 100 மீற்றருக்கு இரு அடையாளமிட்டு, நின்ற நிலையிலிருந்து அத்தூரத்தை ஓட எத்தனை விநாடி ஆகிறதெனக் கடிகாரத்தாற் பாருங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே பாரத்துடன், இரு திசையிலும் ஓடிச் சராசரி காண்க. பூநகரிப் பக்கத்து வெளிகளிற் சோளகம் வீசும் நாளில் ஒரு திசையில் மட்டும் ஓடிப் பார்த்தால், காற்றின் பலத்தை எஞ்சினின் பலமென்று கணக்கிடுவோம்.

உயர்த்திய வண்டி வைத்திருப்போர் பிறேக்கையும் கவனித்தல் அவசியம். பெரிய சில்லைச் சுழற்றுவது எவ்வாறு கடினமோ, நிறுத்துவதும் அவ்வாறே கடினம். அன்றியும், இவ்வண்டிகள் பலவற்றில் பின்னச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே, பாரத்துக்கேற்பப் பின் பிறேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று ஒரு தண்டினாற் பிணைக்கப்பட்டிருக்கும். வண்டியை உயர்த்தியதும் அத்தண்டு தாழ்ந்து, பாரம் ஏற்றியிருந்தும் வண்டி வெறுமையாய் இருப்பதாக வால்வு கொள்ளும். பின் பிறேக் போதிய அளவு பிடியாது. உயர்த்திய அளவுக்கு அத்தண்டின் தாங்கியையும் மாற்றிப் பூட்டும்படி கராஜிற் கேளுங்கள்.