வைரஸ் போயாச்சு, நெட் வரலையா?

ஆன்டிவைரஸ் 'சுத்தம்' என்கிறது, பிரவுசரில் ஒரு பக்கமும் திறக்கவில்லையா? மோடத்தைத் திட்டாதீர்கள். வைரஸ் விண்டோஸின் ப்ராக்ஸி அமைப்பை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் 'ப்ராக்ஸி' இருக்கும். நீங்கள் போடாத ப்ராக்ஸி சர்வர் அங்கே ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். (ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.)

கூகுளில் தேடினால் வேறெங்கோ இழுத்துப் போகிறதா? தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்கள். திரை மூலையில் 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று மிரட்டும் பெட்டி பெரும்பாலும் வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளத்துக்கு நாம் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதிதான். குரோம் செட்டிங்ஸிலேயே ரத்து செய்யலாம்.

வைரஸ் திருடியிருக்கலாம் என்பதால், பாஸ்வேர்டு மாற்றுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதைப் பாதிக்கப்படாத போனிலோ வேறு கணினியிலோ செய்வது நல்லது. கூடவே எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்-அவுட் கொடுங்கள். திருடிய குக்கீ (நீங்கள் லாக்-இன் செய்ததை நினைவில் வைக்கும் பிரவுசர் தகவல்) கையில் இருந்தால், திருடியவர் பாஸ்வேர்டு தெரியாமலே உங்கள் கணக்குக்குள் வரலாம்.