ராடு காய்ந்திருந்தால் சிலிண்டரைக் கழற்றாதீர்கள்

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் டெல்டாவிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே புகார்தான். "அண்ணே, கட்டர்பார் நிக்க மாட்டேங்குது. தூக்கி வச்சுட்டு டீ குடிச்சுட்டு வந்தா கீழ கெடக்கு. சீல் கிட் வாங்கிடட்டுமா?" நான் திருப்பிக் கேட்பது: சிலிண்டர் ராடு ஆயிலில் நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா?

பழைய டயர் நெல் அறுவடை வண்டிகளில், முன்னால் கதிரை அறுக்கும் கட்டர்பாரைத் தூக்கும் சிலிண்டர்கள் பெரும்பாலும் ஒருவழி வேலை செய்பவை. தூக்குவது ஆயில், இறக்குவது கட்டர்பாரின் சொந்த எடை. பலவற்றில் பிஸ்டன் சீலே கிடையாது, ராடுதான் பிஸ்டன். எனவே இந்த வகையில் ஆயில் தப்பிக்க இரண்டே வழி. ஒன்று, ராடு வெளிவரும் கிளாண்டு வழியாக வெளியே. அது கண்ணுக்குத் தெரியும். மற்றது, வந்த ஹோஸ் வழியாகவே வால்வுக்குத் திரும்பி டேங்குக்குள். ராடு காய்ந்திருந்தும் கட்டர்பார் இறங்கினால் கோளாறு வால்வில். அங்கே ஒரு தூசி மாட்டியிருந்தாலே போதும். இதைப் பார்க்காமல் சிலிண்டரைப் பிரித்தால் ஒரு நாள் வாடகை போனதுதான் மிச்சம். பிஸ்டன் உள்ள வகையாக இருந்தால் காற்றுத் துளையைப் பாருங்கள். அதில் ஆயில் சொட்டினால் பிஸ்டன் சீல் போய்விட்டது.

சோதிக்க வண்டியைச் சேற்றில் நிறுத்தாதீர்கள், டயர் அமுங்கி அளவு பொய் சொல்லும். நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தில் நிறுத்தி, கட்டர்பாரைத் தூக்கி, இஞ்சினை அணைத்து, தள்ளி நின்று கால் மணி நேரம் பாருங்கள். அடியில் ஆளோ ஆடோ போகக் கூடாது.

கழற்றுவது என்று முடிவானால் கட்டர்பாரைத் தடித்த மரக்கட்டைகளின் மேல் முழுதாக உட்கார வையுங்கள். தூக்கிய கட்டர்பாரைத் தாங்கும் பூட்டு பல பழைய வண்டிகளில் எப்போதோ காணாமல் போயிருக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இஞ்சினை அணைத்துவிட்டு லீவரை நாலைந்து முறை ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே ஹோஸில் ஸ்பேனர் வைக்க வேண்டும். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்குமோ என்று கையால் தடவக் கூடாது, அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அழுத்த ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் முள் குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் விரலே போகலாம். அப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் உள்ளே ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

இனி ராடு. துடைத்துவிட்டு நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கேதான் உங்கள் புது சீல் கிழியப் போகிறது. சின்னப் பிசிறை எண்ணெய்க்கல்லால் மெல்லத் தேய்க்கலாம். உப்புத்தாளை மேலும் கீழும் இழுத்தால் ஆயிலுக்கு நீங்களே வாய்க்கால் வெட்டியதாகிவிடும். துருக்குழி விழுந்துவிட்டதென்றால் ஹார்டு குரோம் போட்டுத்தான் ஆக வேண்டும். கோவையில் அதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன.

ஒரு வண்டிக்கு ஒரே சீசனில் மூன்று முறை சீல் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார்கள். நான் சீலைத் தொடவே இல்லை. சிலிண்டரின் அடிப் பின்னை ஆட்டிப் பார்த்தேன், கடகடவென்று ஆடியது. புஷ் முட்டை வடிவில் தேய்ந்து, ராடு ஒவ்வொரு முறையும் கோணலாக ஏறி, கிளாண்டை ஒரே பக்கமாகத் தின்றிருந்தது. லேத்தில் புது புஷ்ஷும் பின்னும் கடைந்து போட்ட பிறகே கசிவு நின்றது.

சீல் வாங்கப் போகும்போது பழைய சீலை மட்டும் மாதிரிக்குக் கொண்டு போகாதீர்கள்; அது உப்பியிருக்கும் அல்லது சுருங்கியிருக்கும். ராடின் விட்டத்தையும் சீல் உட்காரும் பள்ளத்தையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய சிலிண்டர்களில் அங்குல அளவு வரலாம். 1¾ அங்குல ராடு என்பது 44.45 மில்லிமீட்டர். அதற்கு 45 மில்லிமீட்டர் சீல் சுலபமாக ஏறிவிடும், அதனாலேயே கசியும்.

சீலின் உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும், தூசி வழிப்பானின் உதடு வெளிப்பக்கம். பழையதை நெம்ப ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், மூங்கில் குச்சி போதும். ராடு முனையில் மரை இருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றி, ஆயில் தடவி ஏற்றுங்கள். பஞ்சு வேஸ்ட்டால் துடைக்காதீர்கள். அது விடும் நூலிழை நேரே வால்வுக்குப் போகும். இரண்டு பக்கச் சிலிண்டர்களுக்கும் சேர்த்தே சீல் மாற்றுங்கள்.

மாட்டிய பிறகு இஞ்சினை மெதுவாக ஓட்டி, பத்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும். தூக்குவது மந்தமாக இருக்கிறதே என்று ரிலீஃப் வால்வை முறுக்காதீர்கள். முதலில் ஆயில் அளவையும் ஃபில்டரையும் பாருங்கள்.

அறுப்பு முடிந்து வண்டியை ஷெட்டில் விடும்போது கட்டர்பாரைக் கீழே இறக்கியே வையுங்கள், ராடு சிலிண்டருக்குள் இருக்கட்டும். வெளியே தெரியும் மிச்சத்துக்கு ஒரு கை கிரீஸ் தடவிவிடுங்கள்.