ஒரு விரலை வெச்சுக் காட்டு

"ஆபரேஷன் ஆகி எட்டு மாசம் ஆச்சுக்கா, இன்னும் வலிக்குது. வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு"ன்னு நேத்து ராத்திரி போன்ல அழுதியே, அதுக்குத்தான் இது. வாயால சொன்னா பாதியை மறந்துடுவேன்னு தெரியும். அதனால எழுதிட்டேன்.

முதல்ல அந்தக் கூச்சத்தை விடு. இடுப்பு மூட்டு மாத்திக்கிட்டவங்கள்ல நிறைய பேருக்கு வலி போயிடுது, நெஜம்தான். ஆனா பல ஆய்வுகளை ஒண்ணா வெச்சுப் பார்த்து 2012ல வந்த ஒரு கட்டுரை, 100 பேர்ல 7லேர்ந்து 23 பேர் வரைக்கும் வலி நீடிக்குதுன்னு சொல்லுது. "எதிர்வீட்டு மாமி ரெண்டே மாசத்துல கோயிலைச் சுத்தி வந்தா, உனக்கு மட்டும் என்ன"ன்னு உன் மாமியார் கேட்டா இந்தக் கணக்கைச் சொல்லு. மூணு மாசம் தாண்டியும் வலி நீடிச்சா அதைத் தனியா விசாரிக்கணும். தாங்கிக்கறது வைத்தியம் இல்ல.

என் கதை உனக்குத் தெரிஞ்சதுதான். ஆபரேஷன் ஆகி பதினோரு மாசம் ஒவ்வொரு தடவையும் "வலிக்குது டாக்டர்"னு மட்டும்தான் சொன்னேன். அவரும் எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு "மூட்டு நல்லாத்தான் உக்காந்திருக்கு"ன்னு அனுப்பிடுவார். கடைசியில ஒரு சின்னப் பொண்ணு, பிசியோதெரபிஸ்ட், "அம்மா, வலி எங்கன்னு ஒரே ஒரு விரலை வெச்சுக் காட்டுங்க"ன்னா. பாவாடை நாடா கட்டற இடத்துக்கு ஒரு சாண் கீழ, பக்கவாட்டுல துருத்திக்கிட்டு இருக்குமே எலும்பு, அதுல வெச்சேன். "மூட்டு வலின்னா பெரும்பாலும் தொடை இடுக்குல வரும்மா. இது பக்கத்துச் சதையும் தசைநாரும்"னு சொன்னா. பதினோரு மாசம் நான் மூட்டைத் திட்டிக்கிட்டு இருந்தேன், பாவம்!

நீயும் விரலை வெச்சுப் பாரு. தொடை இடுக்குலன்னா மூட்டோ, அதுக்கு முன்னாடி உரசிக்கிட்டுப் போற தசைநாரோ காரணமா இருக்கலாம். நடுத்தொடையிலன்னா எலும்புக்குள்ள இறக்கியிருக்கற தண்டைப் பார்க்கணும். பின்பக்கத்துல ஆரம்பிச்சு முழங்காலுக்குக் கீழ வரைக்கும் மின்சாரம் மாதிரி இழுத்தா, சந்தேகம் முதுகெலும்பு மேல. எப்ப வலிக்குதுங்கறது இன்னும் முக்கியம். நாற்காலியை விட்டு எந்திரிச்ச முதல் நாலு அடிக்குச் சுருக்குன்னு குத்தி அப்புறம் குறையுதா? மூட்டு இளகியிருக்கான்னு பார்க்கச் சொல்லு. சும்மா படுத்திருந்தாலும், ராத்திரியிலயும் விடாம வலிக்குதா? உள்ளே கிருமி இருக்கான்னு ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளு. தேவைப்பட்டா மூட்டுலேர்ந்து நீர் எடுத்தும் பார்ப்பாங்க.

இதையெல்லாம் ஞாபகத்துல வெச்சுக்க முடியாது. தினசரி காலண்டர்ல கிழிக்கற தாளைத் தூக்கிப் போடாம, பின்பக்கத்துல எழுது: எங்க வலி, எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னாடி என்ன வேலை செஞ்சே, பத்துக்கு எத்தனை மார்க். ரெண்டு வாரத்துத் தாளை ரப்பர் பேண்ட் போட்டு டாக்டர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போ. ஆபரேஷன் முடிஞ்சதும் எடுத்த முதல் எக்ஸ்ரேயும் கூட வேணும். புதுசை மட்டும் பார்த்தா எது நகர்ந்திருக்குன்னு தெரியாது. அப்பவும் அவர் காது கொடுக்கலன்னா வேற டாக்டரைப் பாரு. அதுல துரோகம் ஒண்ணும் இல்ல.

மாத்திரை விஷயத்துலதான் எனக்கு உன் மேல கோபம். மெடிக்கல் ஷாப்ல பேர் சொல்லி வாங்கறியே, டைக்ளோபினாக் மாதிரி மாத்திரைங்க வயித்தைப் புண்ணாக்கும், கிட்னியைக் கெடுக்கும். உனக்கு பிரஷர் வேற இருக்கு. பாராசிட்டமால்தான்னாலும் ஒரு நாளைக்கு எத்தனைன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோ. சளி மாத்திரைக்குள்ளயும் அது ஒளிஞ்சிருக்கும். எரியுது, ஊசி குத்தற மாதிரி இருக்குன்னா அது நரம்பு வலியா இருக்கலாம். அதுக்கு மருந்தே வேற. பொட்டலத்துல பேர் இல்லாம வர்ற "மூட்டுவலிப் பொடி" மட்டும் வேண்டவே வேண்டாம். அதுல ஸ்டீராய்டு கலந்து விக்கறவங்க இருக்காங்க. எண்ணெய் தேய்ச்சு, காலை இழுத்துச் சொடக்கு எடுக்கற வேலையும் கூடாது. மாத்தின மூட்டு நழுவிடலாம்.

இனி வேலை. என் தப்பையே நீயும் செய்யறே. கொஞ்சம் நல்லா இருக்கற நாள்ல வீட்டை ஒட்டடை அடிச்சு, அரைச்சு, துவைச்சு எல்லாத்தையும் முடிக்க வேண்டியது, அப்புறம் மூணு நாள் கட்டிலே கதி. நல்ல நாளோ கெட்ட நாளோ, அளவு ஒண்ணா இருக்கட்டும். நான் இருபது நிமிஷம் நிப்பேன், பத்து நிமிஷம் உக்காருவேன். குக்கர் வெச்சதும் அடுப்படியில உயரமான ஸ்டூல்ல உக்காந்துதான் காய் நறுக்கறேன். அருவாமனையைப் பரண்ல ஏத்தியாச்சு. தரையில சம்மணம், குந்தி உக்கார்றது, தாழ்வான முக்காலி, கால் மேல கால் எல்லாம் உனக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு ஆபரேஷன் பண்ணினவர்கிட்டயே கேளு. எந்தப் பக்கமா வெட்டினாங்கங்கறதைப் பொறுத்து அது மாறும். கல்யாண வீட்டுல தரைப்பந்தின்னா, வெக்கப்படாம டேபிள் கேளு.

ஆனா படுத்தே கிடந்தாலும் வலி கூடத்தான் செய்யும், சதை உருகிடும். சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு நேரா நில்லு. உடம்பைச் சாய்க்காம ஆபரேஷன் பண்ணின காலைப் பக்கவாட்டுல தூக்கி மெதுவா இறக்கு. பத்துத் தடவை, காலையிலயும் சாயந்திரமும். செய்யறப்போ லேசா வலிச்சாப் பரவாயில்ல. மறுநாள் காலையிலும் கூடுதலா வலிச்சா, அஞ்சாக் குறை. எனக்கு நொண்டல் போக நாலு மாசம் ஆச்சு. படுக்கறப்போ ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தலையணை வெச்சு, நல்ல பக்கமா ஒருக்களிச்சுப் படு. படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கற கால் முதல்ல. ஒரு கால் கட்டையா இருக்கற மாதிரி தோணினா, நீயா செருப்புல அட்டை வெச்சுக்காதே, அளந்து பார்த்துட்டு வெப்பாங்க.

காய்ச்சல், தையல் போட்ட இடத்துல கசிவு, கெண்டைக்கால் வீங்கிக் கல்லாட்டம் ஆகறது, மூச்சு வாங்கறது, திடீர்னு பளீர்னு வலிச்சு கால் குட்டையாகித் திரும்பிக்கறது, இதுல எது வந்தாலும் காலண்டர் தாள்ல எழுதிக்கிட்டு உக்காராதே. அப்பவே கிளம்பு.

நேத்து வீடியோ கால்ல இன்னொண்ணு பார்த்தேன். தடியை வலிக்கற கால் பக்கமே ஊணி நடக்கறே. எல்லாரும் அப்படித்தான் பிடிக்கறாங்க, எல்லாருமே தப்பு. எதிர்க் கையில பிடிச்சாத்தான் மூட்டு மேல விழற பாரம் குறையும். தடியோட பிடி, கையைத் தொங்க விட்டா மணிக்கட்டு வர்ற உயரத்துல இருக்கணும். உனக்கு இடது கால். தடியை வலது கைக்கு மாத்து, இன்னிக்கே.