தவிட்டை வெறுக்கும் கறவைப் பசு

கன்று ஈன்று மூன்று வாரங்களான கலப்பினப் பசு, நேற்றுவரை ஆவலுடன் தின்ற தவிட்டையும் பிண்ணாக்கையும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்குகிறது. வைக்கோலை மட்டும் மெல்லுகிறது. காய்ச்சல் இல்லை. ஆயினும் நாளுக்கு நாள் பால் குறைந்து, விலா எலும்புகள் தெரியத் தொடங்குகின்றன. கண்ணேறு என்று சுற்றிப் போடுவோரும் நம்மிடையே உண்டு.

காரணம் மடியில் இருக்கிறது. 10 லிட்டர் பாலில் ஏறக்குறைய அரைக் கிலோ பால்சர்க்கரை உள்ளது. இரத்தத்திலுள்ள குளுக்கோஸைக் கொண்டே மடி அதனை உண்டாக்குகிறது. ஈன்ற புதிதில் பால் பெருகும் வேகத்திற்குத் தீனி பெருகுவதில்லை. குளுக்கோஸ் போதாமற் போகவே, உடல் தன் சேமிப்பாகிய கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பை ஈரல் கீட்டோன்கள் என்னும் பொருள்களாக மாற்றி, தசைகளுக்கும் இதயத்திற்கும் எரிபொருளாக அனுப்புகிறது. இது இயற்கையின் நல்ல ஏற்பாடே. நாம் சில நாட்கள் பட்டினி கிடந்தால் நமது மூளையும் ஓரளவு இவற்றைக் கொண்டு இயங்குகிறது. பசுவின் மடியோ ஓய்வதில்லை. செலவாவதற்கு மேல் கீட்டோன்கள் சேரும்போது பசி கெடுகிறது. பசி கெடவே குளுக்கோஸ் இன்னும் குறைகிறது. மேலும் கொழுப்புக் கரைந்து ஈரலிலேயே படியத் தொடங்குகிறது. மூச்சிலும் பாலிலும் சிறுநீரிலும் இனிப்புக் கலந்த ஒரு வாடை வீசும். சில மாடுகள் சுவரை ஓயாது நக்கும், தள்ளாடும்.

சர்க்கரைதானே குறைவு, வெல்லத்தைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று கேட்கலாம். அசைபோடும் விலங்கின் வயிறு நமது வயிற்றைப் போன்றதன்று. பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் வெல்லத்தைப் புளிக்கவைத்து அமிலங்களாக்கி விடுகின்றன. அவற்றுள் புரோப்பியானிக் அமிலத்தை ஈரல் குளுக்கோஸாக மாற்றும். பியூட்டிரிக் அமிலமோ கீட்டோனாகவே மாறும். அளவு மிகுந்தால் வயிறு புளித்து வேறொரு நோயும் வந்து சேரும். எனவேதான் கால்நடை மருத்துவர் குளுக்கோஸை நேரே இரத்தக்குழாயில் செலுத்துகிறார். குளுக்கோஸாக மாறவல்ல புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் மருந்தைச் சில நாட்கள் வாய்வழியே புகட்டச் சொல்கிறார்.

தடுக்கும் வழி ஈனுவதற்கு முன்பே தொடங்குகிறது. பால் வற்றிய காலத்தில் பசு மிகக் கொழுத்துவிடலாகாது. கொழுத்த பசு ஈன்றபின் குறைவாகவே தின்னும். ஈனுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பிருந்தே அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஈன்ற பின்னும் படிப்படியாக உயர்த்தி வருதல் வேண்டும். அதுமுதல் ஆறு வாரம் வரை, காலையில் செம்பை எடுக்குமுன் தீவனத் தொட்டியைப் பார்ப்போம். தவிடு மிஞ்சியிருந்து வைக்கோல் தீர்ந்திருந்தால் அன்றே மருத்துவரை அழைத்துச் சிறுநீரைச் சோதிக்கச் செய்யலாம்.