வாங்கச் சொல்வது யார்? – சமூக ஊடகமும் நம் வீட்டுச் செலவும்




பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் துணி எடுப்பது பற்றிய பேச்சு தொடங்கிவிடும். சில வருடங்களுக்கு முன்பு வரை அந்தப் பேச்சுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. யாருக்கு என்ன தேவை என்று முதலில் பட்டியல் போடுவோம். கையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். பிறகு ஒரு நாள் குறித்து ரங்கநாதன் தெருவுக்கோ பாண்டி பஜாருக்கோ போய் வருவோம். தேவை முதலில், பணம் அடுத்து, கடை கடைசியில்.

இன்று இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. கடை முதலில் வருகிறது; அதுவும் இரவு படுக்கப்போகும் நேரத்தில், உள்ளங்கைக்கே வருகிறது. பொருளைப் பார்த்த பிறகுதான் அது நமக்குத் தேவை என்று தோன்றுகிறது. பணத்தைப் பற்றிய யோசனை கடைசியில். சில வீடுகளில் தவணை கட்டச் சொல்லிச் செய்தி வந்த பிறகுதான். உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து வரவு செலவு பார்க்கும்போது, வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து ஆகியவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன ஆன்லைன் கொள்முதல்களும் அவற்றுக்கான தவணைகளும் இப்போது கண்ணில் படுகின்றன. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், நம் வீட்டுப் பணத்தை நாமே ஆள முடியும். அதற்காகவே இந்தப் பாடம்.

விளம்பரம் விளம்பரமாகத் தெரிந்த காலம்

நம் ஊர் வணிகத்துக்கு விளம்பரம் புதிதல்ல. நல்லி பட்டுக்கடை 1928-இல் தொடங்கியது. அதன் பின் வந்த தி.நகர்க் கடைகள், நாளிதழில் முழுப்பக்கம், திரையரங்கில் சிலைடு, வானொலி, தொலைக்காட்சி என்று எல்லா வழிகளிலும் நம்மை அழைத்திருக்கின்றன. 2017 வாக்கில் சரவணா ஸ்டோர்ஸ் உரிமையாளர் சரவணன், பிரபல நடிகைகளோடு தாமே விளம்பரத்தில் தோன்றியபோது ஊரெல்லாம் அதே பேச்சு. ரசித்தவர்கள் உண்டு, கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் கடைக்காரர் தம் கடைக்கு வரச் சொல்கிறார் என்பது சிறுபிள்ளைக்கும் தெரிந்தது. அது தெரிந்ததால், அந்தப் பேச்சில் எவ்வளவைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்தது.

நாம் நம்பி நடந்த பேச்சு வேறு. அது மாமியும் சாச்சியும் பக்கத்து வீட்டு அக்காவும் சொல்வது. 'அந்தக் கடையில் எடுத்த போர்வை மூணு வருஷமாச்சு, இன்னும் சாயம் போகலை' என்று அவர்கள் சொன்னால், அதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை. பொய்யென்றால் மறுநாள் அதே தெருவில் நம் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற கூச்சமும் அவர்களுக்கு உண்டு.

கடைக்காரர் பேச்சு, உறவுக்காரர் பேச்சு என்று இரண்டு தனித்தனியாக இருந்தன. சமூக ஊடகம் செய்த பெரிய காரியம், இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டதுதான்.

இது எப்படி நடக்கிறது?

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 2010-இல் தொடங்கிய இன்ஸ்டாகிராமை 2012-இல் ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு வாங்கியது. இன்று மெட்டா என்று பெயர் மாறியிருக்கும் அந்த நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. நாம் காசு கொடுக்காமல் பார்க்கும் சேவைக்கு விளம்பரதாரர் காசு கொடுக்கிறார். ஆகவே நம் கண் திரையைவிட்டு அகலாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு வருமானம்.

இரண்டாவது, நம்மைக் கவனிக்கும் முறை. லைக் போட்டால்தான் அவர்களுக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். ஓர் அபாயா வீடியோவில் விரல் சில நொடி நின்றாலே போதும். அடுத்தடுத்து அதே போன்றவை வரும். வேறொரு கடையின் இணையதளத்தில் ஒரு குக்கரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அதே குக்கர் ஃபேஸ்புக்கிலும் வந்து நிற்கிறதே, ஏன்? அந்தத் தளத்துக்குள் பதித்து வைத்திருக்கும் சிறு நிரல், நாம் வந்து போனதை ஃபேஸ்புக்குக்குத் தெரிவித்துவிடுகிறது. இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குதான். ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கும் பொருள் நமக்குப் பழகிப்போகிறது. பழகியது தேவைபோலத் தோன்றுகிறது.

மூன்றாவது, குறு வீடியோ. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கை மத்திய அரசு தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும் செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே வந்தன. தி.நகர், புரசைவாக்கம், சௌகார்பேட்டைக் கடைகளுக்குள் போனோடு நுழைந்து, விலையைச் சொல்லி, வாட்ஸ்அப் எண்ணையும் காட்டும் வீடியோக்கள் பெருகின. பேசுகிறவர் நம் வீட்டுத் தம்பி, தங்கையைப் போலவே பேசுகிறார். அவர்களில் உண்மையான ஆர்வத்தால் செய்பவர்கள் இருக்கிறார்கள். கடையிடம் பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு செய்பவர்களும் இருக்கிறார்கள். பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றுபோலவே தெரிகிறார்கள். சிக்கல் இங்கேதான்.

நஜ்ஷ்: பழைய ஏமாற்று, புதிய உடை

மதரஸாவில் வியாபாரப் பாடம் ஓதியவர்களுக்கு 'நஜ்ஷ்' என்ற சொல் நினைவிருக்கும். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர், கூட்டத்தில் வாங்குபவர்போல நின்று விலையை ஏற்றிக் கேட்பார். அவர் கேட்கிறாரே, பொருள் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பி மற்றவர் ஏமாறுவார். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இந்தத் தடை பதிவாகியுள்ளது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பொருளில் குறை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே அல்ல. விற்பவருக்காகப் பேசுகிறவர் தம்மை வாங்குபவராகக் காட்டிக்கொள்வதே குற்றம்.

காசு வாங்கிக்கொண்டு ஐந்து நட்சத்திரம் போடுபவரும், பொருளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் 'சூப்பர் குவாலிட்டி, நான் மூணு வாங்கினேன்' என்று கமென்ட் எழுதுபவரும், கட்டணம் பெற்றதை மறைத்துப் புகழ்பவரும் செய்வது இதையேதான். சந்தை மாறியிருக்கிறது, காரியம் மாறவில்லை.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காததை அவர்கள் கண்டித்தார்கள். வெளிச்சம் போட்டு, நிறத்தைக் கூட்டி எடுத்த துணிப் படத்துக்கும் அந்தக் குவியலுக்கும் தூரம் அதிகமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தவறான விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. ஓராண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடையும் போடலாம்.

அதே மாதம் வெளியான இணைய வணிக விதிகள், விற்பவர் தம்மை வாடிக்கையாளராகக் காட்டிக்கொண்டு கருத்து எழுதுவதைத் தடுக்கின்றன. நஜ்ஷ் தடையை அரசு மொழியில் எழுதியதுபோல இருக்கிறது இந்த விதி.

2023 ஜனவரி 20 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பொருள்களைப் பரிந்துரைப்பவர்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், குடும்ப உறவு எதுவாக இருந்தாலும் அதைச் சொல்லியாக வேண்டும். விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே, கண்ணுக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 30 அன்று வந்த இன்னொரு வழிகாட்டி, வாங்குபவரைச் சிக்கவைக்கும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டது. 'இன்னும் 2 பீஸ்தான்' என்று பொய்யாக அவசரப்படுத்துவது அதில் ஒன்று. நாம் கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது மற்றொன்று.

2024 மே 7 அன்று, இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், தவறான விளம்பரத்துக்கு அதில் தோன்றும் பிரபலங்களும் சமூக ஊடகப் பிரபலங்களும் சமமான பொறுப்பாளிகள் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

விற்கும் சகோதரிகளுக்கு

இதையெல்லாம் படித்துவிட்டு, போனில் விற்பதே தவறு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தி.நகரில் ஒரு சிறு கடை பிடிக்க முன்பணமும் வாடகையும் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பணம் இல்லாத சகோதரி, வீட்டில் இருந்தபடியே அபாயாவும் அத்தரும் மசாலாப் பொடியும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார் என்றால், அது கண்ணியமான சம்பாத்தியம். சிறு வணிகர்களுக்கென்றே 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இப்படிப் பலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

அவர்களுடைய முதலீடு பணமல்ல, நம்பிக்கை. அதனால் சில யோசனைகள்: துணியின் படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். 'விலைக்குத் தனியே மெசேஜ் செய்யவும்' என்று எழுதாமல், கூரியர் கட்டணம் உட்பட முழு விலையையும் வெளிப்படையாகப் போடுங்கள். பொருள் குறையாக இருந்தால் திரும்ப எடுப்பீர்களா, எத்தனை நாளுக்குள் என்று முன்பே சொல்லுங்கள். பில் கொடுங்கள். உணவுப் பொருள் விற்பவர்கள், அளவு எவ்வளவு சிறிதானாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவைப் பெறுங்கள். நல்ல கருத்து எழுதச் சொல்லி உறவினர்களை ஏவாதீர்கள். எப்போதாவது ஒரு பழைய பொருளை விற்பவருக்கு இணைய வணிக விதிகள் பொருந்தாது. தொடர்ந்து தொழிலாகச் செய்பவருக்குப் பொருந்தும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க

1. பட்டியலை மீட்டெடுப்போம். ரமலான் பிறக்கும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து தேவைகளையும் தொகையையும் எழுதுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றை போனில் பார்த்தால், மூன்று நாள் கழித்து மறுபடி பேசலாம் என்று வையுங்கள். பெரும்பாலானவை அந்த மூன்று நாளில் மறந்துபோகும்.

2. ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு கேள்வி: இதைச் சொல்வதால் இவருக்கு என்ன கிடைக்கிறது? பிள்ளைகளிடம் இதை ஒரு விளையாட்டாகவே கேளுங்கள். விளம்பரத்தை அடையாளம் காண்பதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

3. கருத்துகளைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் போட்டவர்களைப் படியுங்கள். குறையும் நிறையும் சேர்த்துச் சொல்பவர் அவரே.

4. அறிமுகமில்லாத பக்கத்தில் முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். விற்பவரின் முகவரி, பில், திரும்பப் பெறும் முறை மூன்றும் இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

5. தவணையில் வாங்கும் முன், வட்டி, தாமதக் கட்டணம் உட்பட மொத்தம் எவ்வளவு கட்டப்போகிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மார்க்கம் வட்டியைத் தடுத்திருப்பது ஒருபுறம். அந்தத் தாளில் வரும் தொகையே பல நேரம் நம்மைத் தடுத்துவிடும்.

ஏமாற்றப்பட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம். பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. மனு எழுத உதவி தேவைப்படுவோர், பில், பணம் செலுத்திய சான்று, பேசிய மெசேஜ்கள் ஆகியவற்றோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம்.

குடும்பத்தோடு கலந்து பேச

– கடந்த மூன்று மாதத்தில் போன் வழியாக வாங்கியவற்றில், பார்க்கும் முன்பே தேவைப்பட்டவை எத்தனை?
– அவற்றில் இன்றும் பயன்பாட்டில் உள்ளவை எத்தனை?
– நாம் மற்றவருக்கு அனுப்பிய விற்பனைச் செய்திகளில், நாமே வாங்கிப் பார்த்து உண்மை என்று அறிந்தவை எத்தனை?

மூன்றாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது. ஆனால் சந்தையில் நாம் வாங்குபவராக மட்டும் நிற்பதில்லை. ஒவ்வொரு ஃபார்வர்டிலும் நாமும் ஒருவருக்குப் பரிந்துரைக்கிறோம். அந்தச் சொல்லுக்கும் நாம் பதில் சொல்ல வேண்டியவர்களே.

வீண்விரயத்தைவிட்டும் பிறர் பொருளைத் தவறாக உண்பதைவிட்டும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. நம் வரவிலும் செலவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்