முதுகு என்னும் நெம்புகோல்

கடையம் வட்டாரத்து எலுமிச்சைத் தோட்டங்களில் எரு நிரப்பிய கடவப்பெட்டியைத் தூக்குவோரைக் கவனியுங்கள். பலரும் காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துத் தூக்குகிறார்கள். அப்போது முதுகு ஒரு முதல் வகை நெம்புகோலாகிறது.

இடுப்பருகேயுள்ள கடைசி முள்ளெலும்பு மூட்டு ஆதாரப்புள்ளி, பெட்டி பளு, முதுகுத் தசைகளின் இழுப்பு திறன். இத்தசைகள் ஆதாரப்புள்ளிக்கு ஏறத்தாழ 5 செ.மீ. பின்னால் உள்ளன. பெட்டி 10 கிலோ எடையுடன் 50 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம்.

10 × 50 = 100 × 5

அதாவது, பத்துக் கிலோ பெட்டிக்காகத் தசைகள் நூறு கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும்! குனிந்த உடலின் எடையை நாம் இன்னும் சேர்க்கவில்லை. இவ்விசை முழுவதும் முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள மெத்தை போன்ற வட்டுகளை நசுக்குகிறது. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி கால்வரை ஓடும்.

பெட்டியை 25 செ.மீ. தொலைவுக்கு நெருக்கினால் விசை பாதியாகும். முழங்காலை மடக்குவது இதற்காகத்தான். மடக்கியும் பெட்டி எட்டவே இருந்தால் பயன் சொற்பமே. தூக்கியபின் இடுப்பைத் திருகாமல், பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும்.

களையெடுப்பதில் கருவியின் எடை அற்பம். மணிக்கணக்கில் குனிந்திருக்கும் உடலே அங்குப் பளு. தொழிலாளர் முதுகு கெடுவதைக் கண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் குட்டைக்காம்புக் களைகொத்தி 1975-இல் தடை செய்யப்பட்டது. நம் நெல்வயல்களிலும் கோனோ களையெடுப்பானை நின்றபடியே தள்ளுகிறார்கள். தோட்டத்துக் களைகொத்திக்கோ இன்னமும் ஒரு முழக் காம்புதான். தச்சரிடம் சொன்னால் மார்பளவுக் காம்பு போட்டுத் தருவார்.