பேராதனைக்குள் வந்த கிராமம்

சூழவுள்ள சமூகம் மாறும்போது ஒரு பல்கலைக்கழகம் எவ்வாறு மாறுகின்றது? இதை அறிய நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. பேராதனையின் வரலாறே போதும்.

1942இல் கொழும்பிலே இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது மாணவர் தொகை 904 மட்டுமே. பாடம், பரீட்சை, நிருவாகம் யாவும் ஆங்கிலத்திலேயே நடந்தன. முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ், இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களைப் போல மாணவர் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு கல்விக்கூடத்தை விரும்பினார். 1952இல் பேராதனையில் அது உருப்பெற்றது. பெண்களுக்கும் தனி விடுதிகள் இருந்தன. அழகான திட்டந்தான்; ஆனால் அது சிலருக்காக வரையப்பட்ட திட்டம்.

வெளியே நாடு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. பாடசாலைகளில் தாய்மொழி படிப்படியாகப் போதனா மொழியாயிற்று. அவ்வாறு படித்த பிள்ளைகள் 1960இல் பல்கலைக்கழக வாசலுக்கு வந்தபோது கலைப்பீடம் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கத் தொடங்கியது.

நிருவாகத்திற்கு இது இலேசான காரியமன்று. ஒரே பாடத்தை வெவ்வேறு மொழிகளில் நடத்த விரிவுரையாளர் வேண்டும்; வினாத்தாளும் அவ்வாறே. ஆங்கிலத்தில் கற்றவர்கள் கலைச்சொற்களைத் தேடித் தேடித் தமிழில் விரிவுரை செய்தனர். விடுதிகளில் இடம் போதாமல் மாணவர் வெளியே அறை தேடினர். 1972இல் அரசு பல்கலைக்கழகங்களையெல்லாம் ஒன்றாக்கி அவற்றை வளாகங்கள் என்றது. 1978இல் மீண்டும் தனித்தனியாக்கியது. அந்த ஏற்பாடு போய்விட்டாலும் 'கம்பஸ்' என்ற சொல் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை!

சட்டத்தால் வந்த மாற்றங்களைவிட மாணவரோடு வந்த மாற்றமே பெரிது என்பது என் எண்ணம். 1956இல் பேராசிரியர் சரச்சந்திர, கிராமத்து நாடகம மரபிலிருந்து 'மனமே' நாடகத்தை உருவாக்கிப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அந்த நாடகம மரபுக்கே தமிழ்க் கூத்தோடு உறவுண்டு. அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனை மாணவரைக்கொண்டு 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எனச் செம்மைப்படுத்தி அளித்தார். அவற்றில் ஆடிய சி. மௌனகுரு மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர். படிப்பறியாதோர் ஆட்டம் என்று பட்டணத்தார் ஒதுக்கிய கலை, பட்டதாரிகளின் ஆய்வுப் பொருளாயிற்று. கிராமத்துப் பிள்ளைகள் உள்ளே வந்திராவிட்டால் இது நடந்திருக்குமா?

ஆயினும் ஒரு குறை தொடர்ந்தது. விரிவுரை தமிழுக்கு மாறிய வேகத்தில் நூலகம் மாறவில்லை. புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. பல மாணவருக்கு விரிவுரையாளர் சொல்ல எழுதிக்கொண்ட குறிப்பே புத்தகமாயிற்று. நூலகம் நிறைய நூல் இருக்க, அதைத் திறக்கத் திறவுகோல் இல்லாத நிலை. பட்டம் பெற்றபின் வேலை தேடும்போதும் அதே ஆங்கிலம் குறுக்கே நின்றது. தாய்மொழிக் கல்வியின் குறை என்று இதைச் சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. மொழிபெயர்ப்பு நூல்களையும் நல்ல ஆங்கிலப் பயிற்சியையும் போதியளவு கொடாமல் கதவை மட்டும் திறந்ததே குறை.

இன்றும் உயர்தரத்தைத் தமிழில் எழுதி மருத்துவம், பொறியியல் பீடங்களுக்குச் செல்லும் நம் மாணவிகள் முதல் விரிவுரையை ஆங்கிலத்திலேயே கேட்கிறார்கள். பீடங்கள் இப்போது ஆங்கில வகுப்புகள் நடத்துகின்றன. ஆனாலும் சில வாரப் பயிற்சி பதின்மூன்று வருடப் பழக்கத்தை ஈடுசெய்யாது. உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை பல மாதங்கள் வீட்டில் கழிகின்றன. தான் படிக்கவிருக்கும் பாடத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு பக்கமாகப் படித்து முடிக்க அந்த மாதங்கள் தாராளமாகப் போதும்.